பதில் மற்றப் பக்கத்தில் இருக்கிறது

காணாமல்போன ஆமிக்காரரின் அம்மாமாரைப் பற்றித் தமிழர்களாகிய நாங்கள் ஏன் கதைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. போர் முடிந்த 2009 மே மாதம் தன் கையாலேயே பிள்ளையை ஆமியிடம் ஒப்படைத்த தாயின் நிலை வேறு, சண்டைக்குப் போன மகன் திரும்பாத தாயின் நிலை வேறு. படைவீரரின் குடும்பத்துக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. எங்கட அம்மாமாரின் வீட்டுப் படலையில் புலனாய்வுக்காரர் வந்து நிற்கிறார்கள். இதையெல்லாம் மூடி மறைத்து, எல்லாத் தாய்மாரும் ஒன்றுதான் என்று மேடையில் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் கதைக்கத்தான் வேண்டும்.

1998 செப்டெம்பர் 27. கிளிநொச்சிப் படைத்தளத்தின்மீது புலிகளின் ‘ஓயாத அலைகள் இரண்டு’ தாக்குதல் தொடங்கிய நாள். அந்த வருடம் ஜூனிலிருந்தே போர்ச் செய்திகளுக்குத் தணிக்கை. எத்தனை பேர் செத்தார்கள், எத்தனை பேரைக் காணவில்லை என்று தெற்கில் பெற்றவர்களுக்கே ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. அந்தச் சண்டையில் காணாமல்போன இளம் அதிகாரி ஒருவரின் தாய்தான் விசாகா தர்மதாச. ஆமிக்காரர் பலர் அடையாளத் தகடு இல்லாமலே களத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள் என்று தெரிந்ததும், ஒவ்வொருவருக்கும் தகடு கொடு என்று விடாமல் போராடினார். புலிகள் இயக்கத்தில் தகட்டிலக்கம் எவ்வளவு முக்கியம் என்பது எங்கட ஆட்களுக்குத் தெரியும். ஒரு அரசாங்கத்தின் இராணுவத்திடம் அதைக் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. தோல்வியின் கணக்கை மறைக்கத் துடித்த அரசுக்கு, பெயர் தெரியாத உடல்கள் வசதியாகப் போய்விட்டன என்றே நான் நினைக்கிறேன். போர்நிறுத்தக் காலத்தில் மற்ற அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கே வந்து, புலிகளிடம் நேரில் கேட்டவர் அவர்.

சில வருடங்களுக்கு முன் இரண்டு பக்கத்து அம்மாமாரும் இருந்த ஒரு கூட்டத்தில் மொழிபெயர்த்தேன். தேத்தண்ணி நேரத்தில் ஒரு சிங்கள அம்மா கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட படமொன்றை எடுத்து, பக்கத்திலிருந்த எங்கட அம்மாவிடம் நீட்டினார். “நீங்கள் கிளிநொச்சி ஆள்தானே, இவனை எங்கேயாவது கண்டீர்களா?” எங்கட அம்மா கண்ணாடியைப் போட்டு, படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, நெடுநேரம் பார்த்தார். “இல்லையம்மா, நாங்கள் அப்ப இடம்பெயர்ந்து அக்கராயனில இருந்தனாங்கள். வெடிச்சத்தம் மட்டும்தான் கேட்டது” என்றார். பிறகு தன் பையைத் திறந்து தன் மகனின் படத்தை எடுத்தார். “உங்கட ஆக்கள்தானே கொண்டுபோனவை, ஆரையும் கேட்டுப் பார்ப்பீங்களோ?” இதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்க எனக்குக் குரல் வரவில்லை.

அந்த இரண்டு கேள்விகளும் சரியான பக்கத்திடம்தான் கேட்கப்பட்டன. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் விழுந்த ஆமிக்காரரை எங்கே புதைத்தார்கள், எங்கே எரித்தார்கள் என்று அறிந்தவர்கள் இன்றும் வன்னியில் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். சரணடைந்தவர்களை எந்த பஸ்ஸில் ஏற்றி எங்கே இறக்கினார்கள் என்று கண்டவர்கள், இன்று ஓய்வுபெற்றுத் தெற்கில் இருக்கிறார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவில் பதிவான காணாமல்போனோர் 16,000க்கு மேல். அதில் 5,000க்கு மேற்பட்டோர் படையினரும் பொலிஸாரும். இவ்வளவு பேருக்கும் உரிய பதில்களில் ஒரு பகுதியாவது மனிதர்களின் வாய்க்குள் கிடக்கிறது.

பயத்தில்தான் யாரும் வாய் திறப்பதில்லை. முன்னாள் போராளி ஒருவர் குழியைக் காட்டினால், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அவரையே உள்ளே போட்டுவிடலாம். முன்னாள் சிப்பாய் கண்டதைச் சொன்னால் ஊரே அவரைத் துரோகி என்னும். அரசின் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 முதல் இயங்குகிறது. இரகசியமாகத் தகவல் பெற அதன் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த இரகசியம் காப்பாற்றப்படும் என்று நம்புகிற ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் பிள்ளைகளைக் கேட்டுப் போராட்டத்தில் குந்திய அம்மாமார் இந்த அலுவலகத்தை ஏற்க மறுப்பதும் வீம்பு அல்ல. ஆணைக்குழு மாறி ஆணைக்குழுவாக, கடைசியாக என்ன உடுப்புப் போட்டிருந்தான் என்ற அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள்.

அதனால் தெற்கில் இருக்கும் படைவீரரின் தாய்மாரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் குரலை அரசால் துரோகம் என்று ஒதுக்க முடியாது. 2009 மே மாதம் எந்தப் படைப்பிரிவு யாரைப் பொறுப்பேற்றது என்ற பதிவுகளைத் திறக்கச் சொல்லி நீங்களும் கேளுங்கள். எங்கட ஊர்களில் தெரிந்தவர்களைப் பேச வைக்க நாங்கள் முயல்கிறோம். பேசியவரைப் பிடிக்கக்கூடாது என்று உங்கள் அரசிடம் சொல்லுங்கள். அன்று அக்கராயன் என்று பதில் சொன்ன அம்மா போன வருடம் செத்துப்போனார். அவரின் பை இப்போது மகளிடம் இருக்கிறது.