புதுத் தொட்டியில் மறுநாளே மீன் விடலாமா?

"தண்ணீர் நிரப்பி ஒரு நாள் ஃபில்டரை ஓடவிட்டால் போதும், மறுநாள் மீன் விடலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

ஒரு நாளில் குளோரின் வேண்டுமானால் பறந்துபோகும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதற்குள் பெருகாது. அவை பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் ஒட்டி வளர்பவை. வழக்கமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், ஆனாலும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், செவுள் சிவந்து வீங்கும். அது அம்மோனியா நஞ்சு. பாவம், அந்த உயிர்களை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

மீன் விடாமலே, அந்த பாக்டீரியாவுக்கு உணவாக, வாசனையும் சோப்பும் சேராத அம்மோனியா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 2 பிபிஎம் (லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம்) அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஃபில்டர் இரவும் பகலும் ஓடட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியா இறங்கினால் மறுபடி விடுங்கள். முதலில் நைட்ரைட் ஏறும், பிறகு இறங்கும். விட்ட 2 பிபிஎம் 24 மணி நேரத்தில் மறைந்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம்.

நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் நாட்கள் நன்றாகக் குறையும். அதைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள்; குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.