ஐந்து நிமிட வேலையாம்!

விசா இல்லையென்று விமான நிலையத்தின் செக்-இன் கவுன்டரில் ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பிய வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அதைப் பகிரப் போவதில்லை. வீடியோவைவிட எனக்கு எரிச்சலைக் கிளப்பியது அதன் கீழே குவிந்திருக்கும் கமெண்டுகள்தான். "இவ்வளவு செலவு பண்ணி டிக்கெட் போடத் தெரியுது, விசா பார்க்கத் தெரியாதா?" "படிச்சவங்க மாதிரிதான் இருக்காங்க!" இதற்கெல்லாம் சிகரம், பயண வீடியோ போடும் அந்த அன்பர். விசா விதியைப் பார்ப்பது ஐந்து நிமிட வேலையாம். சோம்பேறித்தனமாம். அவர் கையில் இருப்பது எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதைச் சொல்ல மட்டும் அவருக்கு ஐந்து விநாடிகூடக் கிடைக்கவில்லை போல.

உங்களுக்கு அது ஐந்து நிமிட வேலையாக இருக்கலாம் சார். எங்களுக்கு இல்லை. நீங்கள் கெட்டிக்காரர், நாங்கள் மடையர்கள் என்பதால் அல்ல. உங்களுக்கான விதி ஒரு வரியில் முடிந்துவிடுகிறது, எங்களுக்கான விதி முடிவதே இல்லை.

எந்த பாஸ்போர்ட்டுக்கு எத்தனை நாடுகள் திறக்கும் என்று போடும் தரவரிசைப் பட்டியலின் உச்சியில் இருக்கும் பாஸ்போர்ட்காரருக்குப் பெரும்பாலான நாடுகளுக்கு விசா தேவையில்லை. விமானம் ஏறினால் போதும். அடியில் இருப்பவருக்கு ஏறக்குறைய எங்கே போனாலும் விசா வேண்டும். அவர் நிலைமை எங்களைவிட மோசம், மறுக்கவில்லை. ஆனால் தன் நிலைமை அவருக்குத் தெளிவாகத் தெரியும். நடுவில் தொங்கும் எங்களுக்குத்தான் நாட்டுக்கு நாடு ஒரு கதை. ஒரு நாட்டில் விசா வேண்டாம். இன்னொன்றில் ஆன் அரைவல், அதாவது போய் இறங்கியதும் அங்கேயே விசா. மூன்றாவதில் இணையத்தில் வாங்கும் இ-விசா. துருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். சில நாட்டுக்காரர்களுக்கு இ-விசா உண்டு, ஆனால் கையில் செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால்தான். அந்த ஆதார விசாவும் இ-விசாவாக இருந்தால் செல்லாது! அதாவது ஒரு விசா வாங்க இன்னொரு விசா வேண்டும், அதுவும் ஸ்டிக்கராக ஒட்டியதாக இருக்க வேண்டும். இதை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொண்டவர்கள் கை தூக்குங்கள்.

'விசா தேவையில்லை' என்ற அறிவிப்பை நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. 2024 ஜனவரியிலிருந்து இனி விசாவே கிடையாது என்றது கென்யா. நல்லது. ஆனால் கிளம்புவதற்கு முன் இணையத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, அனுமதி வந்த பிறகுதான் பெரும்பாலானோர் போக முடியும். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு இத்தனை நாடுகள் 'ஃப்ரீ' என்று ஆண்டுதோறும் ஓர் எண் செய்தியில் வருகிறதே, அதில் ஆன் அரைவலும் இந்த மாதிரி மின்னணு அனுமதியும் சேர்த்திதான். அந்த எண்ணை மட்டும் நம்பிப் பெட்டி கட்டினால் கவுன்டரிலிருந்து திரும்ப வேண்டியதுதான்.

அந்தக் குடும்பத்தின் விஷயத்துக்கே வருகிறேன். போக வேண்டிய நாட்டுக்கு அவர்களிடம் விசா இருந்தது. நன்றாகக் கேளுங்கள், இருந்தது! மாட்டிக்கொண்டது நடுவில் விமானம் மாறும் ஊரின் விதியில். தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டிருந்தார்கள், அதுதான் மலிவு என்பதால். ஒரே டிக்கெட் என்றால் பொதுவாகப் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும், பயணி டிரான்சிட் பகுதியிலேயே உட்கார்ந்திருந்து அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம். இரண்டு டிக்கெட் என்றால் பெரும்பாலும் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வர வேண்டும். வெளியே வந்தால் அது அந்த நாட்டுக்குள் நுழைவதுதான். விசா எங்கே?

சில இடங்களில் வெளியே வராமல் உட்கார்ந்திருப்பதற்கே விசா வேண்டும். ஷெங்கன் நாடுகள் சில பாஸ்போர்ட்களுக்கு விமான நிலைய டிரான்சிட் விசா கேட்கின்றன. பொதுப் பட்டியல் ஒன்று, அதற்கு மேல் தனித்தனி நாடுகள் சேர்த்துக்கொண்டவை வேறு. அமெரிக்காவில் டிரான்சிட் பகுதி என்ற வசதியே கிடையாது. விமானம் மாறுவதற்கும் இமிக்ரேஷன் வரிசையில்தான் நிற்க வேண்டும், விசாவோடு. டிக்கெட் விற்கும் இணையதளம் இதையெல்லாம் சொல்கிறதா? பணம் கட்டும் பட்டன் மட்டும் பளிச்சென்று இருக்கும். ஆவணங்கள் பயணியின் பொறுப்பு என்பது எங்கோ அடியில், பொடி எழுத்தில்.

உடனே ஒருவர் வருவார்: "கவுன்டர் ஊழியர் என்ன செய்வார் பாவம்?" அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. விசா இல்லாதவரை ஏற்றிப் போனால் விமான நிறுவனத்துக்கு அபராதம், திருப்பிக் கூட்டி வரும் பொறுப்பும் அவர்களுடையது. அவர் விமான நிறுவனங்கள் விசா விதிகளைப் பார்க்கும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் பாஸ்போர்ட் விவரத்தைத் தட்டிப் பார்க்கிறார், திரை சொல்வதைச் சொல்கிறார். கவனியுங்கள், நாள் முழுக்க இதே வேலையாக இருப்பவருக்கே நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் ஒரு தரவுத்தளம் தேவைப்படுகிறது. பயணி மட்டும் ஐந்து நிமிடத்தில் கரைத்துக் குடித்துவிட வேண்டும்.

இன்னொருவர்: "யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் உரிமை." ஆமாம், உரிமைதான். யார் இல்லை என்றார்கள்? நான் பேசுவது உங்கள் நக்கலைப் பற்றி.

சரி, விதியெல்லாம் தெரிந்தே போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கதையைக் கேளுங்கள். அக்கா மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு ஐரோப்பிய நாட்டுக்குப் போக விண்ணப்பித்தேன். 30,000 யூரோவுக்குக் குறையாத காப்பீடு, இருந்தது. புகைப்படம் 35-க்கு 45 மில்லிமீட்டர், இருந்தது. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை. விசா மையத்தில் அந்தப் பெண் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, என் லீவ் லெட்டரில் விரலை வைத்து, "மேடம், திரும்ப வேலையில சேர்ற தேதி இதுல இல்லையே" என்றார். அலுவலகத்தில் யாரும் அதை எழுதுவதில்லை. லீவ் முடிந்தால் வருவோம், அவ்வளவுதானே! ஆனால் அங்கே அந்தத் தேதிதான் நான் திரும்பி வருவேன் என்பதற்குச் சாட்சி. ஓடிப்போய்த் திருத்தி வாங்கி வந்து கொடுத்தேன். அதற்கும் மறுப்புதான் வந்தது. அச்சடித்த படிவம், வரிசையாகக் காரணங்கள், ஒன்றில் டிக். விசாக் காலம் முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேறும் உங்கள் எண்ணத்தில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம்.

அந்த வரி இன்னும் உறுத்துகிறது. காகிதம் குறைவு என்றால் கொண்டுவந்து கொடுப்பேன். எண்ணத்தில் சந்தேகம் என்றால் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது? விண்ணப்பத்தில் மணமானவரா என்று ஒரு கட்டம். எனக்குக் கணவன் இல்லை, குழந்தை இல்லை, பெயரில் வீடு இல்லை. ஆக, திரும்பி வர எனக்குக் காரணமே இல்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். வேலை இருக்கிறது, அம்மா இருக்கிறாள். அம்மாவுக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டிய 90 யூரோ திரும்ப வராது, விசா மையத்தின் கட்டணம் தனி, அதுவும் வராது.

"அப்பீல் பண்ணியிருக்கலாமே?" பண்ணலாம்தான். பட்டமளிப்பு விழாவை யார் தள்ளி வைப்பது?

"எங்களுக்கும் கஷ்டம் இருக்கிறது" என்பவர்களுக்காக ஒரு செய்தி. 2025 ஏப்ரலிலிருந்து பிரிட்டனுக்குப் போகப் பெரும்பாலான ஐரோப்பியர்களும் முன் அனுமதி வாங்க வேண்டும். மொபைலில் ஒரு படிவம், ஒரு செல்ஃபி, ஒரு கட்டணம். வாங்கினால் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். உச்சிப் பட்டியல் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என் நண்பன், எங்களைக் குற்றவாளிகள் போல நடத்துகிறார்கள் என்று இதற்கு ஒரு நீளப் பதிவே போட்டிருக்கிறான். லீவ் லெட்டர் கேட்டார்களா என்று மட்டும் கமெண்டில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.