அது கோட்டி இல்லை

மூன்று நாளாக எல்லா குரூப்பிலும் சுற்றும் அந்த டவுண் கடை வீடியோவைத்தான் சொல்கிறேன். கொடுக்காத காசைக் கொடுத்தேன் என்று சாதிக்கிற ஆச்சி. கீழே “சரியான கோட்டி” (பைத்தியம்) என்று வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் நாலு பேர் என் சொந்தக்காரர்கள்.

அது கோட்டி இல்லை. வீடியோவைப் பார்த்து நோய் சொல்ல நான் டாக்டர் இல்லை, சரி. ஆனால் அந்த முழியை தினமும் எங்கள் வீட்டில் பார்க்கிறேன், எங்கள் அம்மாவுக்கு மறதி நோய் (டிமென்ஷியா).

எங்கள் அம்மா வைக்கிற சொதிக்கு ஊரில் பெயர் உண்டு. எத்தனை மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு நின்று வைத்த கை! ஒரு நாள் மூன்று கிண்ணத்தில் தேங்காய்ப்பாலைப் பிழிந்து வைத்துவிட்டு, எது முதலில் போகணும் என்று தெரியாமல் அடுப்பு முன்னால் நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேலி செய்தேன். ஒரு வருஷம் கழித்துத்தான் அது உறைத்தது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லாருக்கும் உள்ளது. நாற்பது வருஷம் செய்த வேலையில் அடுத்தது என்ன என்று தெரியாமல் போவது வேறு. கேட்டதையே கேட்பது, கணக்குத் தடுமாறுவது, தெரிந்த தெருவில் வழி தப்புவது, ஒளித்து வைத்துவிட்டு அடுத்தவர் மேல் பழி போடுவது எல்லாம் அந்தக் கணக்குதான். அம்மாவின் செயின் அரிசி வாளியில் கிடந்தது. திருட்டுப் பட்டம் வாங்கியது என் மனைவி.

முதலில் பார்த்த டாக்டர் “வயசாச்சுல்லா” என்று சத்து மாத்திரை கொடுத்தார். அப்புறம் பாளையங்கோட்டையில் ஒருவர்தான் உட்காரவைத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களும் ஒரே பக்கம் போய் ஒட்டிக்கொண்டன.

“மருந்தே இல்லை, சீக்கிரம் தெரிந்து என்ன ஆகப்போகுது?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மறதி நோய்களில் அதிகம் வருகிற அல்சைமரை முழுசாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் எல்லா மறதியும் அல்சைமர் இல்லையே. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு எல்லாம் இதே வேஷம் போடும், கவனித்தால் பெரும்பாலும் தேறும். ரத்தம் கொடுத்துப் பார்க்கக்கூட சோம்பலா? நோய்தான் என்றாலும், பேங்க், பத்திர வேலையை அவர்கள் புத்தி தெளிவாக இருக்கும்போதே அவர்களைக் கேட்டு முடிக்கலாம்.

“அந்தக் காலத்தில் இதெல்லாம் ஏது” என்பவர்களுக்கு: அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் இதைச் சொன்னது 1906-ல். இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் இருக்கும் என்று 2023-ல் ஒரு கணக்கு வந்தது. உங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.

வீடியோவைக்கூட விட்டுவிடுவேன். “பெத்த பிள்ளைகள் என்ன புடுங்குது?” என்று ஒருவர் எழுதியிருந்தார் பாருங்கள், அதைத்தான் விட முடியவில்லை.

என்ன செய்கிறோம் என்றா கேட்கிறீர்கள்? பொழுது சாய்ந்தால் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு “வீட்டுக்குப் போணும்யா” என்று கிளம்புவாள். இதுதான் வீடு என்று சொன்னால் சண்டை. “காப்பி குடிச்சிட்டுப் போலாம்மா” என்றால் உட்காருவாள். அதைக் கற்றுக்கொள்ளவே எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. ஒரு நாள் ஆற்றுப் பக்கம் போய்விட்டாள், அதிலிருந்து கேட்டைப் பூட்டுகிறோம். உடனே “மாமியாரைப் பூட்டி வைக்கிறா” என்று தெருவில் பேச்சு. பேசியவர்களில் ஒருவராவது வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் என் மனைவி நிம்மதியாகக் குளித்திருப்பாள். ராத்திரி இரண்டு மணிக்கு 14416-க்கு அழைத்து அழுதிருக்கிறாள். மனநல உதவி எண், நோயாளிக்கு மட்டும் உள்ளதில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் இருக்கிற எங்கள் அக்கா சொல்கிறாள், “என்கிட்ட போன்ல நல்லாத்தானே பேசுதா. நீங்கதான் பெருசு பண்ணுதிய.” பத்து நிமிஷம் அம்மா யாரிடமும் நன்றாகப் பேசுவாள். மிச்ச நேரம் எங்களுக்கு.

அக்கா, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். ஆனித் தேரோட்டத்துக்கு வரும்போது நாலு நாள் லீவு போட்டு வா. நானும் என் மனைவியும் அவள் அம்மா வீட்டுக்குப் போய் தூங்கிவிட்டு வருகிறோம். கேட்டுச் சாவி பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். அம்மாவுக்குத் தெரியாமல் எடு.