49ஐப் பிரித்தால் 50 எங்கே போகும்?

கம்பியூட்டர்களை இணைக்கும் நெட்வேர்க் சுவிட்சின் பெரிய போர்ட்டில், தரவு ஓடும் நாலு பாதையை, அதாவது நாலு லேனைச் சேர்த்துக் கட்டித்தான் 40ஜி (நொடிக்கு 40 கிகாபிட்) என்கிறார்கள். கட்டை அவிழ்த்தால் நாலு 10ஜி. 100 என்றால் நாலு 25. இவ்வளவுதானே கணக்கு? பிறகு ஏன் ஐயா நேற்று நான் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில் ஓடினேன்?

கொழும்பிலிருந்து போன். "தம்பி, கிளிநொச்சிச் சுவிட்சில 49ஆவது போர்ட்டைப் பிரேக்அவுட் போட்டு, பிரிச்சு, நாலு 10ஆ எடுங்கோ. அஞ்சு நிமிச வேலை." சரி, அஞ்சு நிமிஷம்தானே. பின்னேரம் ஆறு மணிக்கு, ஆட்கள் எல்லாரும் போன பிறகு, வீட்டிலிருந்தே கட்டளையை அடித்தேன். ரீபூட் பண்ணச் சொன்னது. ஒரு போர்ட்டைப் பிரிக்க முழுச் சுவிட்சையும் படுத்தெழும்பச் சொல்கிறது, பாருங்கள். பண்ணினேன்.

சுவிட்ச் எழும்பிவிட்டதா என்று பிங் போட்டுக் கேட்டேன். பதில் இல்லை. மெதுவாகத்தான் எழும்பும் என்று தேத்தண்ணி ஊற்றினேன். பதில் இல்லை. தேத்தண்ணி ஆறியது. பதில் இல்லை. கறண்ட் போயிருக்குமோ என்று வாச்சர் ஐயாவுக்கு எடுத்தேன்.

"ஐயா, லைட் எரியுதோ?"

"ஓம் தம்பி, பச்சை பச்சையா எரியுது."

"எல்லாமோ?"

"ஒண்டு மட்டும் எரியேல்லை."

"எத்தினையாம் நம்பர்?"

"அது தெரியேல்லை தம்பி, கண்ணாடி வீட்டை கிடக்கு."

பிறகென்ன, ஏ9 வீதிதான். இருட்டில் நடுவீதியில் படுத்து அசைபோடும் மாடுகளுக்கு ஹோர்ன் அடித்து அடித்துப் போய், சுவிட்சோடு நேரே பேசும் கன்சோல் கேபிளைச் செருகிப் பார்த்தால், 50ஆவது போர்ட் பட்டியலிலேயே இல்லை. அப்லிங்க், அதாவது சுவிட்சை வெளியுலகத்தோடு சேர்க்கும் இணைப்பு, அதில்தான் இருந்தது. கையேட்டைத் தேடினேன். ஓர் அட்டவணைக்குக் கீழே, எறும்பு எழுத்தில்: ஒற்றைப்படைப் போர்ட்டைப் பிரித்தால் பக்கத்து இரட்டைப்படைப் போர்ட் இயங்காது.

இரணைமடுக் குளத்தில் இடதுகரை வாய்க்காலைத் திறந்தால் வலதுகரை வாய்க்கால் தானாகப் பூட்டிக்கொள்ளுமா? பூட்டினால் கமக்காரர் சும்மா விடுவார்களா?

அப்லிங்கை 52க்கு மாற்ற இரண்டு நிமிஷம். அதற்குத்தான் ஒன்றரை மணித்தியால ஓட்டம். அதோடு முடிந்ததா? 49 என்ற பெயரே இப்போது இல்லை. 49/1, 49/2, 49/3, 49/4. எந்தப் போர்ட் எந்த வலையைச் சேர்ந்தது என்று பழைய பெயரில் எழுதி வைத்த விஎல்ஏஎன் எல்லாம் காற்றோடு போய்விட்டது. ஒரு முனை நாலாகப் பிரியும் கேபிளின் நாலு காலிலும் எது ஒன்று, எது நாலு என்று ஒரு துண்டுகூட ஒட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். நாலாவது கால் கடைசி சேர்வருக்கு ஒரு சாண் எட்டவில்லை. ஒரு சாண்!

போன் எடுத்த இதே கொழும்பு ஆள்தான் போன மாதம் எல்ஆர்4 என்ற ஒளி மொடியூலைப் பிரிக்கச் சொன்னவர். அது நாலு அலைநீள ஒளியையும் ஒரே கண்ணாடி நாரில் கலந்து அனுப்புகிற சாமான், அதை எந்தக் கத்தியால் வெட்டுவது என்று கேட்டேன். "உங்களுக்குப் பழக்கமில்லை போல" என்றார். எனக்கு!

திரும்பும்போது மாங்குளத்தில் ஒரு கடை திறந்திருந்தது. இடியப்பம் கட்டச் சொன்னேன். சொதியையும் சம்பலையும் வேறுவேறாகக் கட்டச் சொல்லி இரண்டு தரம் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் இரண்டும் ஒரே பைக்குள்.