அவிழ்த்துவிட்டால் கடமை முடிந்துவிடாது

"பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது." ரொறன்ரோவில் நாய்களை அவிழ்த்துவிடும் பகுதிகளில் நான் அதிகம் கேட்கும் உத்தரவாதம் இதுதான். பெரும்பாலும் அந்த நாய் ஏற்கெனவே எதையோ செய்துகொண்டிருக்கும்போதுதான் இது காதில் விழும். சொல்பவர் எங்கோ தள்ளி நிற்பார். ஒரு கையில் காப்பி, மறு கையில் கைபேசி.

நாய் பிடிக்காதவள் எழுதும் பதிவு என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டிலும் ஒரு லாப்ரடோர் இருக்கிறாள். இந்த நகரத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களை நாய்கள் கட்டின்றி ஓடுவதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள். அடுக்குமாடியில் வளரும் நாய்க்கு அது பெரும் பேறு. ஆனால் அங்கே விடுமுறை நாய்க்குத்தான், நமக்கில்லை.

எல்லாச் சண்டையும் குரைப்பில் தொடங்குவதில்லை. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும் நாய் விளையாட அழைக்கிறது. வாலை இடுக்கிக்கொண்டு, உதட்டை நக்கியபடி வாங்குக்கு அடியில் ஒதுங்கும் நாய் போதும் என்கிறது. துரத்துகிற நாயைக் கொஞ்சம் பிடித்து வைத்துப் பாருங்கள். மற்றது தானாகத் திரும்பி வந்தால் அது விளையாட்டு. மூலையைத் தேடினால் உங்கள் நாயை உடனே அழைத்துக்கொள்ளுங்கள். "அவை தமக்குள் தீர்த்துக்கொள்ளும்" என்று சொல்பவரின் நாய் எப்போதும் பெரிய நாயாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

வாசலில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பல இடங்களில் இரட்டைக் கதவு இருக்கிறது. புதிதாக ஒரு நாய் அந்த இடைவெளிக்குள் வந்ததும் உள்ளே இருக்கும் ஐந்தாறும் கதவை மொய்த்துக்கொள்ளும். வருகிற நாய் வாருக்குள் சிக்கி, ஓடவும் முடியாமல் விறைத்து நிற்கும். கடி விழுவதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. அந்த நேரத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வராத நாயை அவிழ்த்துவிடுவதற்கு உரியவர் இன்னும் தயாராகவில்லை என்றுதான் பொருள். முதலில் வீட்டில் பழக்கட்டும்.

"இதுவரை யாரையும் கடித்ததில்லை" என்பதும் ஒன்ராறியோவில் செல்லாது. நாய் உரிமையாளர் பொறுப்புச் சட்டத்தின்படி, நாய் கடித்தால் ஏற்படும் இழப்புக்கு அதன் உரிமையாளரே பொறுப்பு. அதற்கு முன்பு அப்படிப்பட்ட குணம் இருந்ததா, உங்களுக்குத் தெரியுமா, நீங்கள் கவனக்குறைவாக இருந்தீர்களா என்பதெல்லாம் அந்தப் பொறுப்பை நீக்காது. அச்சட்டத்தை மீறினால் 10,000 டொலர் வரை அபராதமும் விதிக்கலாம். கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த காணொளிக்கு இது கொஞ்சம் அதிக விலை.

வேலிக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். அங்கே வார் இரண்டு மீற்றருக்கு மேல் நீளக் கூடாது என்பது நகர விதி. ஆனாலும் வண்டியை நிறுத்தியதுமே சிலர் அவிழ்த்துவிடுகிறார்கள். ஸ்காபரோவின் பூங்காக்களில் மாலையில் நடப்பவர்களில் நம் அம்மாக்கள் எத்தனை பேர்! சேலைக்கு மேல் குளிர்ச்சட்டை, காலில் ஓடும் சப்பாத்து, முழங்கால் வலி. நாய்க்கடி என்றதும் விசர்நாயையும் வரிசையாகப் போடும் ஊசிகளையும் நினைக்கும் ஊரில் வளர்ந்தவர்கள். அந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் உரிமை இல்லை. கொஞ்சுவதற்காகப் பாய்கிற நாயும் எழுபது வயதுக்காரரின் இடுப்பெலும்பை உடைத்துவிடும்.

நம்மவர்களுக்கும் ஒரு சொல். வேலிக்குள் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிவருவதுபோல் கூட்டிவந்து, கையில் பிஸ்கட்டும் கொடுத்து ஓடவிடாதீர்கள். கத்திக்கொண்டு ஓடும் குழந்தையை நாய் துரத்தத்தான் செய்யும்.

கழிவைப் பற்றி நீட்டப் போவதில்லை. பனி உருகும் மார்ச் மாதத்தில், குளிர்காலம் முழுவதும் யார் யார் குனியவில்லை என்பது தரையெங்கும் தெரியும். அது நாற்றத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. நாயின் வட்டப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருந்து மனிதருக்கும் தொற்றும். பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் கிடந்து, தடுப்பூசி முடியாத குட்டிகளைக் கொல்லும். குட்டியை அவசரப்பட்டு அங்கே கொண்டுபோகாதீர்கள் என்று மிருக வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

இத்தனை தொல்லை என்றால் இந்த இடங்களை மூடிவிடலாமே என்று எங்கள் தெருவில் சிலர் கேட்கிறார்கள். நான் உடன்பட மாட்டேன். மூடினால் நாய்கள் குறையப் போவதில்லை. இதே ஆட்கள் இதே நாய்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் அவிழ்த்துவிடுவார்கள், அங்கே வேலிகூட இருக்காது. அதைவிட, விதியை மீறுபவரைப் பற்றி நகரசபையின் 311 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். எத்தனை மணிக்கு, எந்த வாசலில் என்று சொல்லுங்கள். பொதுவாகப் புலம்பினால் எந்த அதிகாரியும் எந்த நேரத்தில் வந்து நிற்பது?