வன்னியில் குழாய்த் தண்ணீர் உறையாது

“இந்த மார்கழிக் குளிரில் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடிக்கும், குழாய்களுக்குச் சாக்குச் சுற்றுங்கள், இரவில் தண்ணீரைச் சொட்ட விடுங்கள்” என்று கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வட்ஸ்அப் குரல்பதிவு சுற்றுகிறது. இது தவறு.

தண்ணீர் உறைய வெப்பநிலை 0 பாகை செல்சியஸ் வரை இறங்க வேண்டும். உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுவதால்தான் குழாய் பிளக்கிறது. கனடாவில் இருக்கும் மச்சானுக்கு அந்த அறிவுரை பொருந்தும். 2022 டிசம்பரில் மாண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கில் மாடுகள் கூட்டமாகச் செத்தன. அப்போதும் இங்கே குழாய்த் தண்ணீர் உறையவில்லை. உறைபனி பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குத்தான் போக வேண்டும்.

இங்கே குழாயைக் கெடுப்பது வெயில். எங்கள் வீட்டுத் தாங்கியிலிருந்து இறங்கும் பிவிசி குழாய் வெயில்படும் பக்கம் வெளிறி, சுரண்டினால் நகத்தில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது. போன மாதம் முழங்கை மூட்டில் மயிரிழை வெடிப்பு; பழி பனிக்கு! சாக்கை விடுங்கள், வெயில்படும் குழாய்க்கு வெளிர் நிற நீர்ப் பெயின்ற் பூசுங்கள். இரவில் சொட்ட விட்டால் தாங்கிதான் வற்றும், மோட்டரின் மின்கட்டணம் ஏறும்.