வலையை நிறுத்தியாயிற்று, அணையும் கூண்டும் என்ன ஆயின?

கடலில் மிதக்கவிடும் சால்மன் வலைகளை 2007 முதல் அயர்லாந்து தடை செய்தது சரியான முடிவு. மேற்குக் கரையில் டோனிகால் மாவட்டம் முதல் கெர்ரி மாவட்டம் வரை சிறு படகுக்காரர்களின் வயிற்றில் அடித்த முடிவு என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

சால்மன் ஆற்றில் பொரித்து, சில ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, கடலுக்குப் போய், கிரீன்லாந்து வரைக்கும் இரைதேடிக் கொழுத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும் மீன். ஒவ்வோர் ஆற்றுக்கும் தனிக் கூட்டம் உண்டு. கரையோரக் கடலில் எல்லாம் கலந்து வரும். அங்கே வலை விரித்தால் மீன் பெருகிய ஆற்றின் சால்மனும் சிக்கும், அழியும் நிலையில் இருக்கும் ஆற்றின் சால்மனும் சிக்கும். எவ்வளவு அனுபவமுள்ள மீனவராலும் பிரித்தறிய முடியாது. ஆற்றுக்குள் வந்தபின் அந்தக் குழப்பம் இல்லை. அதனால்தான் இப்போது ஆறுவாரியாகக் கணக்கிடுகிறார்கள். முட்டையிடத் தேவையான எண்ணிக்கைக்கு மேல் மீன் மிஞ்சும் ஆற்றில் மட்டுமே பிடித்து எடுத்துச் செல்ல அனுமதி. எடுக்கும் மீன் ஒவ்வொன்றிலும் அடையாள வில்லை மாட்ட வேண்டும்.

அப்படியும் எண்ணிக்கை சரிந்துகொண்டே போகிறது. 1975இல் சுமார் 17.6 லட்சம் சால்மன் அயர்லாந்துக்குத் திரும்பின. 2022இல் சுமார் 1.7 லட்சம். தடை தோற்றதற்கு இதுவே சாட்சி என்கிறார்கள் சிலர். எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. கடலில் பிழைத்து வருபவையே குறைந்துபோன காலத்தில், கரை வரை வந்துவிட்ட தாய்மீனை வலையில் இழப்பது முன்னைவிடப் பெரிய இழப்பு.

என் கோபம் வேறு இடத்தில். ஷானன் ஆற்றில் 1929இல் ஆர்ட்னகிரஷா நீர்மின் நிலையம் வந்தது. அதன் அணையால் மேலாற்றுக்குப் போகும் மீனின் பாதை மறிக்கப்பட்டது. 1959இல் மீன் ஏற ஒரு தூக்கி அமைத்தார்கள். பழைய வளம் திரும்பவில்லை. மேற்குக் கரை விரிகுடாக்களில் வளர்ப்புச் சால்மன் கூண்டுகளில் பெருகும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி, அவ்வழியே கடலுக்குப் போகும் காட்டுச் சால்மன் குஞ்சுகளில் ஒட்டி அவற்றை நலிவடையச் செய்கிறது. விவசாயப் பண்ணைக் கழிவு ஆற்றில் கலப்பது தனிக்கதை.

வலைக்காரருக்கு ஒருமுறை இழப்பீடு கொடுத்துத் தொழிலையே விடச் சொல்ல முடிந்த அரசால், மின்நிலையத்தையும் கூண்டு முதலாளியையும் அதே கண்டிப்போடு கேட்க முடியாதா? குஞ்சுகள் கடலுக்கு இறங்கும் வசந்த மாதங்களில் பேன் அளவு மீறினால் கூண்டுகளின் உரிமத்தை நிறுத்தி வையுங்கள். ஷானனில் மீன் தடையின்றி ஏறி இறங்க வழி செய்யுங்கள். அதற்கு மின்உற்பத்தி கொஞ்சம் குறைந்தாலும் குறையட்டும்.